காந்தம் ஒட்டாத எஃகுத் தொப்பி

மாணவர்களே! திருவண்ணாமலைக்கு அருகே கவுத்திமலை என்றொரு மலை உண்டு. அதன் பாறையில் மாக்னடைட் என்னும் இரும்புத் தாது கலந்திருக்கிறது. கீழ்பென்னாத்தூரில் படிப்பவர்கள் விடுமுறை நாளில் போய் ஒரு சிறு கல்லின் மேல் காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டும்.

கல்லே ஒட்டும்போது, எஃகினால் செய்த தொப்பியில் காந்தம் ஒட்டாமல் இருக்குமா? முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் அணிந்த எஃகுத் தலைக்கவசத்தில் ஒட்டாது. வேடிக்கையாக இல்லையா?

1914-ல் அந்தப் போர் தொடங்கியபோது சிப்பாய்களின் தலையில் துணித் தொப்பியோ தோல் தொப்பியோதான் இருந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் பிரான்சின் மார்செய் துறைமுகத்தில் இறங்கிய நம் நாட்டுப் படையினர் பலர் தலைப்பாகையோடு போனார்கள். பதுங்குகுழியில் நிற்பவனுக்குத் தலைக்கு மேலிருந்துதான் ஆபத்து. ஷ்ராப்னல் என்ற குண்டு வானத்திலேயே வெடித்து, நூற்றுக்கணக்கான ஈயக் கோலிகளை மழைபோல் கொட்டும்.

1915-ல் பிரெஞ்சுக்காரர்கள் முந்திக்கொண்டு அட்ரியன் தலைக்கவசத்தைச் செய்தார்கள். அதே ஆண்டில் ஜான் பிராடி என்பவர் பிரிட்டனில் வேறொரு வடிவத்துக்குக் காப்புரிமை பெற்றார். கவிழ்த்த தட்டு போன்ற தோற்றம். மேலிருந்து விழுவதைத் தடுக்க அகன்ற விளிம்பு. அழகு என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரே தகட்டை ஒரே அச்சில் அழுத்திச் செய்துவிடலாம். முதலில் சாதாரண எஃகைப் பயன்படுத்தினார்கள். அதற்குப் பதிலாக மாங்கனீஸ் எஃகைப் பயன்படுத்தலாம் என்று யோசனை சொன்னவர் ராபர்ட் ஹாட்ஃபீல்டு. 1882-ல் அதைக் கண்டுபிடித்தவரும் அவரே. (டில்லி இரும்புத் தூணையும் இலங்கையின் பழங்கால எஃகையும் ஆராய்ந்து எழுதியவரும் இவர்தான்.)

கொல்லர் அரிவாளைக் காய்ச்சித் தண்ணீரில் தோய்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது கடினமாகும், கூடவே எளிதில் உடையும் தன்மையும் வந்துவிடும். சுமார் 12 சதவீதம் மாங்கனீஸ் கலந்த எஃகு இதற்கு நேர்மாறானது. காய்ச்சித் தோய்த்தால் உடையாமல் வளைந்து கொடுக்கும். அதனால் தகட்டைக் கிண்ணமாக அழுத்த முடிகிறது. பிறகு எங்கே அடி விழுகிறதோ, அந்த இடம் மட்டும் கெட்டிப்படும்! ரயில் தண்டவாளங்கள் குறுக்கிடும் கிராசிங்குகளில் இன்றும் இந்த எஃகு பயன்படுவதற்கு இதுவே காரணம். சக்கரங்கள் இடிக்க இடிக்க அது உறுதியாகிறது.

காந்தம் ஒட்டாததற்கும் காரணம் மாங்கனீஸ்தான். சாதாரண இரும்பில் அணுக்கள் கனசதுரத்தின் மூலைகளிலும் நடுவிலும் இருக்கும். மாங்கனீஸ் எஃகிலோ மூலைகளிலும் ஆறு முகங்களின் நடுவிலும் இருக்கும். இந்த அமைப்பில், அணுக்களுக்குள் இருக்கும் நுண்காந்தங்கள் ஒரே திசையில் அணிவகுப்பதில்லை.

ஆனால் ஒரு மில்லிமீட்டர் கூடத் தடிப்பில்லாத இந்தத் தகடு, அருகிலிருந்து நேராக வரும் துப்பாக்கி ரவையைத் தடுக்காது. ஈயக் கோலிகளையும் சிறு சிதறல்களையும் தடுத்தது. அதுவே பெரிய காரியம். அடிபட்டால் தகடு உள்பக்கம் குழியும். குழிந்த தகடு மண்டையில் படாதிருக்கத்தான் உள்ளே துணியும் தோலும் வைத்து இடைவெளி விட்டிருந்தார்கள்.

இது பரவலாகக் கைக்கு வந்தது 1916-ல்தான். நம் காலாட்படையினரோ 1915-ன் இறுதியிலேயே பிரான்சை விட்டு மெசபடோமியாவுக்கு அனுப்பப்பட்டுவிட்டார்கள். மேற்குப் போர்முனையில் இறந்து, கல்லறை அறியப்படாத 4,700-க்கும் மேற்பட்ட இந்திய வீரர்களின் பெயர்கள் நவ் ஷாப்பேல் நினைவுச் சின்னத்தில் பொறிக்கப்பட்டுள்ளன.

பட்டாளத்திலிருந்து வந்த பழைய தொப்பி எதுவும் உங்கள் வீட்டுப் பரணில் இருந்தால், துரு போகட்டும் என்று உப்புத்தாளால் தேய்த்துவிடாதீர்கள். பழைய வண்ணப்பூச்சில் ஈயம் இருக்கலாம். அந்தத் தூளைச் சுவாசிப்பது கெடுதல். மேலும், வண்ணம் போனால் அதன் வரலாறும் போய்விடும். உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். பிறகு உள்ளே பாருங்கள். யாராவது பெயரைக் கீறி வைத்திருக்கலாம். பிரிட்டிஷ் தொப்பியில் ‘எச்.எஸ்.’ என்ற ஆங்கில எழுத்துகளும் ஓர் எண்ணும் இருந்தால், எஃகு ஷெபீல்டு நகரத்து ஹாட்ஃபீல்டு ஆலையில் வார்க்கப்பட்டது என்று பொருள். காந்தத்தைக் கிண்ணத்தின் மேல் வையுங்கள், விளிம்பில் வேண்டாம். முதல் உலகப் போர்த் தொப்பிகளின் விளிம்பில் சாதாரண எஃகு வார் ஒன்றை மடித்துப் பொருத்தியிருப்பார்கள். அது ஒட்டும், நீங்கள் ஏமாந்துபோவீர்கள்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்துப் பிரிட்டிஷ் தொப்பி சிலவற்றில் விளிம்பருகே சிறு துளைகள் இருக்கும். அவை குண்டு துளைத்தவை அல்ல. போர்முனைக்கு வேண்டிய உறுதி இல்லாத எஃகு என்று காட்ட, தொழிற்சாலையிலேயே போட்டவை. ஊர்க்காவல் வேலைக்குத்தான் அவற்றைக் கொடுத்தார்கள். அப்படிப்பட்ட தொப்பியைக் காட்டி யாராவது போர்க்களக் கதை சொன்னால், கதையைக் கேட்டுக்கொண்டே துளைகளை எண்ணிவிடுங்கள்!