திரையில் பயிற்சி, தாளில் எழுத்து: கேரள எல்லைத் தமிழ் மாணவர்களுக்கு மின்பாடங்கள் எவ்வாறு உதவும்?

பாலக்காடு: வீட்டில் பேச்சுத் தமிழ், கடைவீதியில் மலையாளம், தேர்வுத்தாளில் எழுத்துத் தமிழ். கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி மாவட்ட எல்லைப் பகுதிகளில் தமிழ்வழியில் பயிலும் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் பலரின் மொழிச்சூழல் இது. இவர்களுக்கு எழுத்துப் பயிற்சி அளிப்பதில் ஊடாடும் மின்பாடங்கள் எவ்வாறு துணைபுரியும் என்பதைக் காண்போம்.

கட்டமைப்பு என்ன?

1956 நவம்பர் 1-ஆம் தேதி கேரள மாநிலம் உருவானபோது, தமிழர்கள் கணிசமாக வாழும் சித்தூர், தேவிகுளம், பீர்மேடு பகுதிகள் அம்மாநிலத்தில் அமைந்தன. அங்குள்ள தமிழ்வழிப் பள்ளிகளுக்கு மாநில அரசே தமிழில் பாடநூல்களை வெளியிடுகிறது.

கேரள அரசின் 'கைட்' நிறுவனம், உயர்தொழில்நுட்பப் பள்ளித் திட்டத்தின்கீழ் 8 முதல் 12-ஆம் வகுப்பு வரை 4,752 பள்ளிகளில் 45,000 வகுப்பறைகளுக்கு மடிக்கணினி, ஒளிப்பட வீழ்த்தி, ஒலிபெருக்கி ஆகியவற்றை வழங்கியது. பாடம் சார்ந்த மின்வளங்களை ஆசிரியர்கள் 'சமக்ரா' தளத்தில் பெறலாம். 2020-இல் கொரோனா காலத்தில் தொடங்கிய 'ஃபர்ஸ்ட் பெல்' காணொளி வகுப்புகள் தமிழ்வழி மாணவர்களுக்காகவும் தயாரிக்கப்பட்டன.

காணொளி மட்டும் போதுமா?

காணொளியை மாணவர் பார்க்கிறார். ஊடாடும் பாடத்தில் அவரே விடையளிக்கிறார். அவ்விடை சரியா, தவறா என்பதும் அதற்கான காரணமும் உடனே திரையில் தோன்றும்.

எடுத்துக்காட்டாக, மலையாளத்தில் 'அவன்', 'அவள்', 'அவர்கள்' என எழுவாய் மாறினாலும் வினைமுற்று மாறுவதில்லை. தமிழில் 'வந்தான்', 'வந்தாள்', 'வந்தார்கள்' என மாறும். இரு மொழிகளுக்கிடையே வளரும் மாணவர், 'மாணவர்கள் வந்தது' என எழுத நேரிடலாம். எழுவாய்க்கு ஏற்ற வினைமுற்றை இழுத்துப் பொருத்தும் பயிற்சி இத்தகைய பிழையைக் களைய உதவும். 'அந்த கடிதம்', 'அந்தக் கடிதம்' ஆகியவற்றுள் சரியானதைத் தேர்வுசெய்தால், 'அந்த' என்னும் சுட்டுக்குப் பின் வல்லினம் மிகும் என்ற விதியும் விளங்கும். வரிசை மாறிய வாக்கியங்களை ஒழுங்குபடுத்திப் பத்தியாக்குவது மற்றொரு பயிற்சியாகும்.

வரம்புகள் எவை?

வகுப்பறைக்கு ஒரே கணினி இருக்கும் நிலையில், ஒரு மாணவர் விடையளிக்க மற்றவர்கள் பார்வையாளர்களாகிவிடும் வாய்ப்புண்டு. அனைவரும் முதலில் குறிப்பேட்டில் எழுதி, பின்னர் திரையில் ஒப்பிட்டுத் திருத்துவது இதற்கு எளிய தீர்வு. இணைய இணைப்பு சீராக இல்லாத தேயிலைத் தோட்டப் பகுதிகளில், முன்னரே பதிவிறக்கிப் பயன்படுத்தக்கூடிய பாடங்களே பயனளிக்கும்.

மேலும், ஒற்றுப்பிழையையும் வினைமுற்றுப் பிழையையும் மென்பொருள் சுட்டிக்காட்டலாம். ஆனால் பேருந்து வசதி கோரி ஊராட்சிக்கு எழுதிய விண்ணப்பத்தில் கோரிக்கை தெளிவாக உள்ளதா என்பதை ஆசிரியர் படித்தே கூற இயலும். முதல் வரைவு, ஆசிரியரின் கருத்து, திருத்திய வரைவு என்ற முறையில் பயிற்சி தொடர வேண்டும்.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வை மாணவர்கள் கையால் எழுத வேண்டியிருப்பதால், திரையில் பெறும் பயிற்சி இறுதியில் தாளில் எழுதுவதற்குத் துணைபுரிவதாக அமைய வேண்டும் என்பது குறிப்பிடத்தக்கது.