புள்ளி தவறினால் வண்டி தவறும்



இரவில் இரணியல் பக்கத்துத் தோப்பு வீடுகளிலிருந்து ஆம்புலன்ஸ் கேட்கிறவர்கள் இப்போதெல்லாம் வழி சொல்வதில்லை. செல்போனில் இடத்தைக் காட்டும் புள்ளியை அனுப்பிவிடுகிறார்கள். அது சில வேளை வேறொரு சந்தைக் காட்டிவிடுகிறது. மூச்சுத் திணறுகிறவருக்கு வீணாகும் பத்து நிமிடம் பெரிது.

ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அங்கிருந்து வந்து சேரும் அலை மிகவும் பலவீனமானது. கான்கிரீட் கூரையும் தகரமும் அதைத் தடுத்துவிடும். (பலரும் மழை மேகத்தைக் குறை சொல்லுகிறார்கள், அதன்மேல் பெரிய குற்றமில்லை.) இடம் சரியாகத் தெரிய குறைந்தது 4 கோள்களின் அலை போனுக்கு எட்டவேண்டும்.

ஆகவே முற்றத்துக்கு வந்து, வானம் தெரியும் இடத்தில் நில்லுங்கள். பேட்டரி சேமிப்பை அணைத்து, லொகேஷன் துல்லியத்தை இயக்குங்கள். உலோகமோ காந்தமோ உள்ள உறையைக் கழற்றுங்கள். வரைபடத்தில் நீல வட்டம் சுருங்கிய பின்பு அனுப்புங்கள். இன்டர்நெட் இல்லாவிட்டால், கோள்களின் பாதை விவரத்தைப் போன் வானத்திலிருந்தே வாங்கவேண்டும், சற்றுத் தாமதமாகும்.

2013-இல் முதல் கோள் ஏவப்பட்ட நமது நாவிக் அமைப்பையும் சில புதிய போன்கள் பிடிக்கின்றன. அதை ஏவிய ராக்கெட்டின் விகாஸ் இயந்திரங்களைச் சோதிக்கும் மகேந்திரகிரி நமக்கு அண்டை மலைதான்!

புள்ளியை அனுப்பினாலும் அருகிலுள்ள ஆலயத்தின் பெயரைச் சொல்லுங்கள். ஒருவர் டார்ச்சுடன் சாலையில் வந்து நிற்கட்டும்.