ஒரே தொட்டியில் யாரோடு யார்?

காலையில் டிகாக்ஷன் இறங்குவதற்குள் நான் செய்யும் முதல் வேலை, கூடத்து மீன் தொட்டியில் இருக்கும் நியான் டெட்ராக்களை எண்ணுவது. மொத்தம் 12 வாங்கியிருந்தோம். எட்டு மாதம் ஒன்றுகூடக் குறையவில்லை. அப்புறம் ஒரு நாள் எண்ணினால் 11. நாலு நாள் கழித்து 9. செத்து மிதக்கவும் இல்லை, துள்ளித் தரையில் விழவும் இல்லை. எங்கேதான் போயிருக்கும்?

எங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மாவுக்குப் பத்து வயதில் ஒரு பையன். பள்ளிக்கூடம் விட்டதும் நேரே வந்து தொட்டி முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவான். அவன் வீட்டிலும் ஒரு கண்ணாடி ஜாடியில் மீன் வளர்க்கிறான் என்று எனக்குத் தெரியும். என் புத்தி போன போக்கைப் பாருங்கள்! "ஏண்டா கண்ணா, உன் ஜாடியில இப்ப எத்தனை மீன் இருக்கு?" என்று கேட்டுவிட்டேன். அவன் ஒன்றும் பேசாமல் எழுந்து போனான். மறுநாளிலிருந்து வரவில்லை.

அடுத்த வாரம் ஒரு விடியற்காலை, விளக்குப் போடாமல் கூடத்துக்கு வந்தேன். எங்கள் ஏஞ்சல் மீனின் வாயிலிருந்து சிவப்பாக ஒரு வால் நீட்டிக்கொண்டிருந்தது!

வாங்கும்போது அந்த ஏஞ்சல் ஐந்து ரூபாய்க் காசு அளவுதான். "ரெண்டும் அமேஸான் நதிப் பக்கத்து மீனுங்கம்மா, ஒரே ஊர்க்காரங்க" என்று கடைக்காரர் சொன்னார், நம்பினேன். ஒரே ஊர்தான். ஆனால் அந்த ஊரிலும் பெரிய மீன் சின்ன மீனை விழுங்கும் என்பது எனக்கு ஏன் தோன்றாமல் போயிற்று?

பெரிய தொட்டி, அதில் பச்சைப் பசேல் என்று செடிகள் என்று ஆசைப்படும் சகோதரிகளே, அழகை மட்டும் பார்த்து மீன் வாங்காதீர்கள். நான் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முதலில், வாயைப் பாருங்கள். ஒரு மீனின் வாய்க்குள் இன்னொன்று நுழையுமானால் அது ஒரு நாள் இரைதான். கடையில் இருக்கும் அளவைப் பார்க்காமல், "வளர்ந்தால் எவ்வளவு பெரிசாகும்?" என்று கேளுங்கள். தொட்டி கழுவும் என்று சொல்லி இரண்டு அங்குலத்தில் தரும் சக்கர் மீன் ஓர் அடிக்கு மேல் வளரும். தங்க மீன் செடியைக் கடித்துப் பிடுங்கிப் போட்டுவிடும். செடித் தொட்டிக்கு அது ஆகாது.

இரண்டாவது, உங்கள் வீட்டுத் தண்ணீரைப் பாருங்கள். பாத்திரத்தில் வெள்ளையாக உப்புப் படிகிறதா? அப்படியானால் கப்பி, மோலி, பிளாட்டி ஆகியவை உங்கள் வீட்டில் சந்தோஷமாக இருக்கும். நியானுக்கு உப்பில்லாத மென்மையான தண்ணீர் வேண்டும்; நம் சித்திரை வெயிலில் சுடும் தண்ணீரும் அதற்கு ஒத்துக்கொள்ளாது.

மூன்றாவது, குணம். டைகர் பார்பு பார்க்க வரிப்புலி மாதிரி அழகு. ஆனால் நீண்ட துடுப்புள்ள ஏஞ்சல், கௌராமி இவற்றைக் கடித்துக் குதறும். அதை எட்டுப் பத்தாகத் தன் இனத்தோடு வைத்தால், சண்டையைத் தமக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். ஃபைட்டர் மீனில் இரண்டு ஆணைச் சேர்த்து வைக்கவே கூடாது.

நான்காவது, இடம். ஜீப்ரா மீன் மேல்மட்டத்தில் ஓடும். டெட்ராவும் பார்பும் நடுவில் திரியும். கோரிடோராஸ் அடியில் மணலைக் கிளறும். மூன்று மாடிக்கும் ஆள் இருந்தால் நெரிசல் இல்லை. கூட்டமாக வாழும் மீனை ஒன்றிரண்டாக வாங்காதீர்கள். ஆறாவது வேண்டும், இல்லாவிட்டால் பயந்து மூலையில் ஒதுங்கும். பின்வரிசையில் ரிப்பன் போல நீளும் வாலிஸ்னேரியாவை நட்டால், துரத்தப்படும் மீனுக்கு ஒளிய இடம் கிடைக்கும்.

எங்கள் தொட்டி 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். ஏறக்குறைய 250 லிட்டர் பிடிக்கும். தொட்டி பெரிசுதானே என்று ஒரே நாளில் எல்லா மீனையும் கொட்டிவிடக் கூடாது. மீனின் கழிவிலிருந்து அம்மோனியா என்ற நஞ்சு உண்டாகிறது. அதை மாற்றிச் சரிசெய்யும் பாக்டீரியாக்கள் ஃபில்டரிலும் மணலிலும் பெருக நாலிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். ஆகவே கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். வாரம் ஒரு முறை கால் பங்கு தண்ணீரை மாற்றுங்கள். குழாய்த் தண்ணீரானால் குளோரின் நீக்கும் மருந்து விட்ட பிறகே ஊற்றுங்கள்.

சரி, ஏஞ்சலை என்ன செய்தோம்? "பசிச்சுது, தின்னுது. அது மேல என்ன தப்பு?" என்றார் என் கணவர். தப்பு என் மேல்தான். மீதி இருந்த நியான்கள், சின்ன மீன்கள் மட்டுமே வளர்க்கும் என் தங்கை வீட்டுத் தொட்டிக்குப் போயின.

அன்று மாலையே அந்தப் பையன் வீட்டுக்குப் போனேன். ஜன்னலோரம் அந்த ஜாடி இருந்தது. உள்ளே இரண்டே இரண்டு கப்பி. "தப்பா கேட்டுட்டேன்டா கண்ணா, மனசுல வெச்சுக்காதே" என்றேன். அவன் அம்மா புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவன் மெதுவாகச் சொன்னான்: "ஏஞ்சல் அதுங்கள துரத்தறத நான் அப்பவே பாத்தேன் ஆன்ட்டி. சொன்னா திட்டுவீங்களோன்னு சொல்லல."

எட்டு மாதமாக நான் மீனை எண்ணினேன். அவன் மீனைப் பார்த்திருக்கிறான்!

போன மாதம் அவனையும் கூட்டிக்கொண்டு கொளத்தூருக்குப் போனோம். வளர்ந்த பிளாட்டி எட்டு, கோரிடோராஸ் ஆறு வாங்கினோம். பிளாட்டி போடும் குஞ்சுகளில் சில ஏஞ்சலுக்குப் போகும், சில செடிக்குள் ஒளிந்து பிழைக்கும். ஒரு தொட்டியில் வேறு என்னவோ பளபளவென்று மின்ன, நான் கை நீட்டினேன். அதற்குள் பையன் கடைக்காரரைக் கேட்டுவிட்டான்:

"அண்ணே, இது வளந்தா எவ்வளவு பெரிசாகும்?"