நாகூரிலும் சொக்கோட்டோவிலும் ஏடு தாங்கிய நங்கையர்

ஹிரா குகையில் அண்ணல் நபி (ஸல்) அவர்களுக்கு முதன்முதலாக வஹீ அருளப்பெற்றபோது, அது தாங்கி வந்த முதற்கட்டளை ஓதுதல் பற்றியதாகவே அமைந்தது. எழுதுகோலைக் கொண்டு இறைவன் மனிதனுக்குக் கற்பித்தான் என்னும் செய்தியும் அதனோடு இணைந்தே வந்தது. பின்னர் எழுதுகோலின் பெயராலேயே திருமறையில் ஓர் அத்தியாயமும் அருளப்பெற்றது. இக்கட்டளை ஆண்மக்களுக்கு மட்டும் உரியது என்று கருத அவ்வசனங்களில் இடமேதும் இல்லை.

பெருமானார் (ஸல்) அவர்களின் இல்லமே இதற்குச் சான்று பகரும். அன்னை ஹஃப்ஸா (ரலி) அவர்களுக்கு எழுதக் கற்றுக் கொடுத்தவர் ஷிஃபா பின்த் அப்துல்லாஹ் (ரலி) என்னும் பெண்மணி. அபூதாவூதில் இடம்பெற்றுள்ள அறிவிப்பு இதனைத் தெரிவிக்கின்றது. கலீஃபா அபூபக்ர் (ரலி) அவர்களின் காலத்தில் தொகுக்கப்பெற்ற திருக்குர்ஆன் ஏடுகள், உமர் (ரலி) அவர்களுக்குப் பின் அதே ஹஃப்ஸா (ரலி) அவர்களிடமே பாதுகாப்பாக இருந்தன. உஸ்மான் (ரலி) அவர்கள் படியெடுக்க விழைந்தபோது, ஓர் அன்னையின் இல்லத்திலிருந்தே அவ்வேடுகளைப் பெற வேண்டியிருந்தது. முஸ்லிம் சமுதாயத்தின் தலையாய நூல் ஒரு பெண்ணின் பொறுப்பில் இருந்த வரலாறு இது.

இவ்வரலாற்றின் தொடர்ச்சியைப் பிற்காலத்திலும் காணலாம். ஹிஜ்ரி ஐந்தாம் நூற்றாண்டில் மக்காவில் வாழ்ந்த கரீமா அல்மர்வஸிய்யா (ரஹ்) அவர்களிடம் ஸஹீஹுல் புகாரீயைப் பாடம் கேட்க அறிஞர் பெருமக்கள் வந்தனர். பக்தாத் நகரின் பேரறிஞர் கதீப் அவர்களும் அவர்களுள் ஒருவர். நமது காலத்துக்கு அண்மையில் வாழ்ந்த இரு பெண்மணிகளைப் பற்றி ஈண்டு சற்று விரிவாகக் காண்போம். ஒருவர் நமது நாகூரைச் சேர்ந்தவர். மற்றவர் ஆப்பிரிக்காவில், இன்றைய நைஜீரிய நாட்டின் வடபகுதியில் வாழ்ந்தவர்.

மூன்றாம் வகுப்பும் ஒரு நாவலும்

சித்தி ஜுனைதா பேகம் அம்மையார் 1917-ஆம் ஆண்டு நாகூரில் பிறந்தார். பள்ளிப் படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றது. பன்னிரண்டாம் வயதில் மணம் முடிந்தது. இளமையிலேயே கணவரை இழந்தார். பிள்ளைகளை வளர்க்கும் பொறுப்பு முழுவதும் அவர் தோள்மீது விழுந்தது. இத்தகைய வாழ்வில் எழுதுகோலுக்கு இடமேது என்றுதான் எவரும் நினைப்பர்.

ஆனால் அம்மையார் வீட்டிலிருந்தபடியே படித்தார், எழுதினார். பா. தாவூத் ஷா (1885–1969) அவர்கள் நடத்திய 'தாருல் இஸ்லாம்' இதழில் அவருடைய எழுத்துகள் வெளிவந்தன. 1938-இல் 'காதலா? கடமையா?' என்னும் நாவல் நூலாக வெளிவந்தபோது அவருக்கு வயது இருபத்தொன்று. தமிழ்த் தாத்தா உ.வே. சாமிநாதையர் அந்நூலைப் பாராட்டி எழுதினார் என்றால், அம்மையாரின் தமிழ் எத்தகையது என்பதை நாம் உணரலாம். தமிழில் நாவல் எழுதிய முதல் முஸ்லிம் பெண்மணி என அவர் போற்றப்படுகிறார். 'மகிழம்பூ', 'செண்பகவல்லி தேவி' முதலிய கதைகளையும், 'இஸ்லாமும் பெண்களும்' என்னும் கட்டுரைத் தொகுப்பையும் தந்த அவர் 1998-இல் மறைந்தார்.

அவருக்கு முன்னரும் நம் மண்ணில் இம்மரபு இருந்தது. இளையான்குடி கச்சிப்பிள்ளையம்மாள் 'மெய்ஞ்ஞான மாலை' பாடினார். கீழக்கரை செய்யிது ஆசியா உம்மா ஞானப் பாடல்கள் பாடினார். தமிழ் எழுத்தை அறியாத முஸ்லிம் பெண்களும் அரபுத்தமிழ் ஏடுகளின் வாயிலாக மார்க்கச் சட்டங்களையும் மாலைகளையும் ஓதி வந்தார்கள். மஃரிபுக்குப் பின் விளக்கடியில் அமர்ந்து மாலை ஓதிய மூதாட்டியரின் குரலைக் கேட்டு வளர்ந்தவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கின்றனர்.

வைக்கோல் தொப்பி அணிந்த ஆசிரியைகள்

இனி ஆப்பிரிக்காவுக்குச் செல்வோம். ஷெய்கு உஸ்மான் தான் ஃபோதியோ (1754–1817) அவர்கள் சொக்கோட்டோ கிலாஃபத்தை நிறுவியவர்கள். தம் காலத்து ஆலிம்கள் சிலர் மாணவர்களுக்கு நாள்தோறும் பாடம் நடத்திக் கொண்டே, சொந்த மனைவியரையும் மகளிரையும் அறியாமையில் விட்டு வைத்திருப்பதை அவர்கள் தம் நூலொன்றில் வன்மையாகக் கண்டித்தார்கள். வீட்டுப் பாத்திரத்தைப் போலப் பெண்ணைப் பயன்படுத்தி, உடைந்ததும் குப்பையில் எறிவதற்கு ஒப்பானது அச்செயல் என்பது அவர்களின் கருத்து.

அன்னாரின் திருமகளாக 1793-இல் பிறந்தவரே நானா அஸ்மாவு அம்மையார். அரபு, ஃபுல்ஃபுல்தே, ஹவுஸா, தமாஷெக் ஆகிய நான்கு மொழிகளை அறிந்தவர். அமைச்சர் கிதாதோவின் துணைவியார். பெரியதொரு குடும்பத்தை நிர்வகித்துக் கொண்டே, 1864-இல் மறையும்வரை எழுதிக் கொண்டிருந்தார். அவர் இயற்றியவற்றுள் அறுபதுக்கும் மேற்பட்டவை இன்று கிடைக்கின்றன. தொழுகை, ஸகாத் முதலிய கடமைகளின் விளக்கம், நபிவழி மருத்துவம், கலீஃபாக்களின் வரலாறு, இறைநேசச் செல்விகளின் சிறப்பு என அவை விரிகின்றன. பெரும்பாலானவை எளிய செய்யுள்கள். எழுதப் படிக்கத் தெரியாத கிராமப் பெண் கேட்ட அளவிலேயே மனனம் செய்துகொள்ள வேண்டும் என்பதே நோக்கம்.

அவர் தோற்றுவித்த 'யன் தாரு' என்னும் பெண்கள் அமைப்பு வியப்புக்குரியது. கைக்குழந்தையுடைய தாய் ஊர்விட்டு ஊர் சென்று கற்க இயலாது. இதனை அம்மையார் நன்கு அறிந்திருந்தார். ஆகவே பிள்ளைப்பேற்றுக் காலம் கடந்த மூத்த பெண்களும், மணமாகாச் சிறுமியரும் குழுவாகச் சொக்கோட்டோவுக்கு வந்து அவரிடம் பாடம் கேட்டனர். ஒவ்வொரு குழுவுக்கும் 'ஜாஜி' எனப்பெறும் தலைவி ஒருத்தி இருந்தாள். அகன்ற வைக்கோல் தொப்பியும் சிவப்புத் துணியும் அவளது பதவியின் அடையாளங்கள். ஊர் திரும்பிய பின், வெளியே வர இயலாத இளந்தாய்மாரின் வீடுகளுக்கு அப்பாடங்கள் சென்று சேர்ந்தன. வர இயலாதவளுக்காகப் பாடமே வாசற்படி ஏறிச் சென்றது! அவ்வமைப்பு வட நைஜீரியாவில் இன்றளவும் நிலவி வருகின்றது.

மறைந்த பெண்களைக் குறித்து அம்மையார் இரங்கற்பாக்கள் பாடியுள்ளார். அவற்றில் அவர் எடுத்துரைப்பவை அனாதைகளைப் பேணியது, பிணக்குகளைத் தீர்த்து வைத்தது, அண்டை அயலாருக்கு உதவியது போன்ற செயல்களே. வீட்டுப் பெண்ணின் அன்றாட உழைப்பை ஏட்டில் ஏற்றத் தக்க வரலாறாக அவர் மதித்தார்.

அழகு என்பது யாது?

பெண்களின் வாழ்வைப் பேசுகையில் அழகைப் பற்றிப் பேசாதிருத்தல் இயலாது. அழகுணர்வை இஸ்லாம் வெறுக்கவில்லை. இறைவன் தன் அடியார்களுக்கு வெளிப்படுத்திய அலங்காரத்தை விலக்கியவர் யார் என்று திருமறை வினவுகின்றது. தொழுமிடத்துக்குச் செல்கையில் அழகிய ஆடை அணியுமாறும் அது பணிக்கின்றது. நல்ல ஆடையும் நல்ல காலணியும் விரும்புவது பெருமையாகுமா என்று ஒருவர் வினவியபோது, அல்லாஹ் அழகன், அழகை விரும்புபவன் எனப் பெருமானார் (ஸல்) அவர்கள் விளக்கம் அளித்தார்கள். சத்தியத்தை மறுப்பதும் மக்களை இழிவாக நோக்குவதுமே பெருமை என்றும் தெளிவுபடுத்தினார்கள். முஸ்லிமில் பதிவான செய்தி இது.

இவ்விளக்கத்தின் பிற்பகுதியை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். பெண் பார்க்கச் செல்லும் நம் குடும்பங்களில் முதற்கேள்வி நிறத்தைப் பற்றியதாக இருக்கின்றதே, அது மக்களை இழிவாக நோக்குதல் அன்றி வேறென்ன? மாநிறப் பெண்ணின் முகத்தில் வெண்மைக் களிம்பைப் பூசச் சொல்வதும், கைப்பேசிப் படத்தில் அவள் நிறத்தை மாற்றி மாப்பிள்ளை வீட்டாருக்கு அனுப்புவதும் எந்த மார்க்கத்தின் வழி?

அபிசீனியப் பெண்மணியான உம்மு ஐமன் (ரலி) அவர்களை எண்ணிப் பாருங்கள். குழந்தைப் பருவத்தில் தம்மைப் பேணி வளர்த்த அவர்களை அண்ணலார் (ஸல்) அவர்கள் தாய்க்கு நிகராக மதித்தார்கள். அடிக்கடி சென்று சந்தித்தார்கள். அண்ணலாரின் மறைவுக்குப் பின் அபூபக்ர் (ரலி), உமர் (ரலி) ஆகிய இருவரும் அவ்வழக்கத்தைத் தொடர்ந்து அம்மூதாட்டியைக் காணச் சென்றார்கள். அவர்கள் அழுதார்கள். காரணம் கேட்டபோது, வானிலிருந்து வஹீ வருவது நின்றுபோயிற்றே என்பதற்காகவே அழுவதாகக் கூறினார்கள். உடனிருந்த இரு பெருமக்களும் அழுதுவிட்டார்கள். இறைவாக்கு வருவது நின்றதை எண்ணி ஏங்கிய அந்த உள்ளத்தின் அழகுக்கு ஈடான அணிகலன் எந்தக் கடையில் கிடைக்கும்?

ஒரு துண்டுச் சீட்டு

அம்பத்தூரில் பெண்களுக்கான பயான் ஒன்று முடிவுற்றபோது, திரைக்கு அப்பாலிருந்து ஒரு துண்டுச் சீட்டு என்னிடம் வந்தது. எழுதியவர் ஓர் இளந்தாய். மதரஸாவில் ஐந்தாண்டு ஓதிப் பட்டம் பெற்றவர். மணமாகி நான்காண்டுகளாகக் கிதாபைத் தொடவில்லை என்றும், புகுந்த வீட்டில் புத்தகம் வைக்க இடம்கூட இல்லை என்றும், இது தம்மீது குற்றமாகுமா என்றும் கேட்டிருந்தார்.

குழந்தையைப் பேணுவதும் இல்லத்தை நடத்துவதும் நல்லெண்ணத்தோடு செய்யப்படின் நற்செயலே. அச்சகோதரியின்மீது குற்றமில்லை. கேள்வி அவரைச் சுற்றியுள்ளோரை நோக்கித் திரும்ப வேண்டும். உங்களையும் உங்கள் குடும்பத்தாரையும் நரக நெருப்பிலிருந்து காத்துக்கொள்ளுங்கள் என்னும் கருத்தமைந்த இறைவசனத்துக்கு, அவர்களுக்குக் கற்பியுங்கள், ஒழுக்கம் பயிற்றுங்கள் என்று அலீ (ரலி) அவர்கள் பொருள் கூறினார்கள். கற்பிக்க வேண்டிய கணவன், கற்று வந்தவளின் ஏட்டை மூடச் செய்வது நீதியாகுமா?

அண்ணலார் (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று கேட்டோருக்கு அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அளித்த மறுமொழியைப் புகாரீயில் காண்கிறோம். குடும்பத்தாரின் பணிகளில் ஈடுபட்டிருப்பார்கள். தொழுகை நேரம் வந்ததும் புறப்படுவார்கள். அகிலத்தின் அருட்கொடையாம் அவர்கள் தம் செருப்பைத் தாமே தைத்தார்கள் எனின், ஆவடித் தொழிற்சாலையிலிருந்தோ அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலிருந்தோ திரும்பும் கணவர், இரவில் அரைமணி நேரம் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டால் அவருடைய மதிப்பு குறைந்துவிடாது. அந்த அரைமணியில் ஒரு தாய் நான்கு பக்கம் படிப்பாள். ஓராண்டில் அவள் படித்து முடித்தவை ஒரு சிறு அலமாரியை நிரப்பும்.

தென்மாவட்டங்களிலிருந்து பிழைப்பை நாடி வந்த குடும்பங்கள் நம் பகுதியில் ஏராளம். ஊரில் இருந்த பாட்டியும் பெரியம்மாவும் இங்கு அருகில் இல்லை. ஓதிக் காட்டவும் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளவும் துணையின்றி, அடுக்குமாடி வீட்டின் இரு அறைகளுக்குள் இளந்தாய்மார் தனித்திருக்கின்றனர். சிலர் ஆடைத் தொழிலகங்களில் உழைத்துவிட்டு வந்து அடுப்பை மூட்டுகின்றனர். இவர்களைப் பயானுக்கு வருமாறு அழைப்பதோடு நம் கடமை முடிந்துவிடாது. ஆவடியிலும் பூவிருந்தவல்லியிலும் ஓதிய பெண்மணிகள் பலர் உள்ளனர். பிள்ளைகள் வளர்ந்து ஓய்வு பெற்ற மூத்த சகோதரியர் வாரம் ஒருமுறை கையில் ஒரு நூலோடு இவ்வீடுகளின் கதவைத் தட்டலாமே! மஹல்லா நிர்வாகிகள் அந்நூல்களுக்கான செலவை ஏற்கலாம். சொக்கோட்டோவின் ஜாஜிகள் இருநூறு ஆண்டுகளுக்கு முன் கால்நடையாகச் சென்று செய்த பணிக்கு, பேருந்தும் மின்தொடர் வண்டியும் உள்ள நமக்கு என்ன தடை?

பெண்கள் தமக்கென ஒரு நாளை ஒதுக்கித் தருமாறு வேண்டியபோது பெருமானார் (ஸல்) அவர்கள் மறுக்கவில்லை. நாள் குறித்து, உபதேசம் செய்தார்கள். மஹருக்கு வழியற்று, இரும்பு மோதிரமும் கிடைக்கப் பெறாத தோழர் ஒருவருக்கு, அவர் அறிந்திருந்த திருக்குர்ஆன் பகுதிகளைக் கொண்டே மணம் முடித்து வைத்தார்கள். நம் நிக்காஹ்களிலோ எத்தனை பவுன் என்று எழுதுகிறோம். சீர்ப்பொருள்களை வண்டியில் ஏற்றுகிறோம். அவற்றினிடையே ஒரு தஃப்ஸீரோ, ஒரு ஹதீஸ் தொகுப்போ, மணமகள் விரும்பிய நல்லதொரு தமிழ் நூலோ இடம்பெறுகின்றதா? அவை வைக்க ஒரு சிறு அலமாரியை மணமகன் வீட்டார் ஒதுக்குகின்றனரா? அடுத்த மணம் பேசும்போது பெரியோர்கள் இதனையும் பேசுவார்களாக.

துண்டுச் சீட்டு எழுதிய சகோதரிக்கு நான் கூறுவது இதுவே: சித்தி ஜுனைதா பேகம் மூன்றாம் வகுப்போடும் பிள்ளைகளோடும் எழுதத் தொடங்கினார். தாங்கள் ஐந்தாண்டுக் கல்வியோடு தொடங்குகிறீர்கள். இன்றிரவே ஒரு பக்கம் புரட்டுங்கள். இப்பகுதியைத் தங்கள் கணவரிடமும் படித்துக் காட்டுங்கள்.

கல்வியைத் தேடும் நம் பெண்மக்களின் நேரத்தில் வல்ல நாயன் பரக்கத் செய்வானாக! அவர்களுக்குத் துணைநிற்கும் நல்லுள்ளத்தை நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.