ஓ.ஆர்.எஸ். பொட்டலமும் கரைசல் பாடமும்

டீ ஆறுவதற்குள் ஒரு கேள்வி. ஆஸ்பத்திரியில் நரம்பு வழியாக ஏற்றுகிற பாட்டில்களில் இரண்டு வகையை எல்லோருமே பார்த்திருப்போம். நார்மல் சலைனில் லிட்டருக்கு 9 கிராம் உப்பு. 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸில் லிட்டருக்கு 50 கிராம் குளுக்கோஸ். எடையில் ஐந்து மடங்குக்கு மேல் வித்தியாசம். இருந்தும், ஏற்றுகிற நேரத்தில் இரண்டுமே ரத்தத்தோடு ஏறக்குறைய ஒத்துப்போகின்றன. சிவப்பணு வீங்கி வெடிப்பதில்லை, சுருங்குவதும் இல்லை. எப்படி?

பதினோராம் வகுப்பில் கரைசல்கள் பாடத்தை இந்த இடத்தில் தொடங்க வேண்டும் என்பேன். கரைபொருள், கரைப்பான், மோலாரிட்டி, மோலாலிட்டி என்று வரையறைகளை வரிசையாக ஏற்றிவிட்டுத் தொகைசார் பண்புகளுக்கு வந்து சேரும்போது பிள்ளைகள் களைத்துப் போயிருக்கிறார்கள். உப்பு என்றால் வாண்ட் ஹாஃப் காரணிக்கு 2 போடு, குளுக்கோஸ் என்றால் 1 போடு என்பதோடு பாடம் முடிந்துவிடுகிறது. ஏன் 2 என்று கேட்க யாருக்கும் தோன்றுவதில்லை.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 50 கிராம் குளுக்கோஸை அதன் மூலக்கூறு நிறை 180 ஆல் வகுத்தால் 0.278 மோல். 9 கிராம் உப்பை 58.5 ஆல் வகுத்தால் 0.154 மோல். ஆனால் உப்பு தண்ணீரில் சோடியமாகவும் குளோரைடாகவும் பிரிந்துவிடும். ஆகவே துகள்கள் 0.308 மோல். இப்போது இரண்டும் பக்கத்தில் வந்துவிட்டன அல்லவா? ஓட்டு எண்ணும்போது பயில்வானுக்கும் ஒரு ஓட்டுதான், நோஞ்சானுக்கும் ஒரு ஓட்டுதான். சவ்வூடு பரவலிலும் அப்படித்தான்: துகள் என்ன, எவ்வளவு கனம் என்பதற்கு மதிப்பில்லை, எத்தனை என்பதற்கே மதிப்பு. உறைநிலைத் தாழ்வு, கொதிநிலை ஏற்றம் எல்லாவற்றுக்கும் இதுவே அடிப்படை. (உண்மையான சலைனில் அயனிகள் ஒன்றையொன்று இழுப்பதால் 308 மில்லி ஆஸ்மோல், அதாவது 308 மில்லிமோல் துகள்கள், முழுதாகத் தெரியாது, அளந்தால் 286 அளவில்தான் நிற்கும். கெட்டிக்காரப் பிள்ளைகளிடம் இதையும் சொல்லிவிட வேண்டும்.) கரைசல்களின் சவ்வூடு பரவல் அழுத்தம் பற்றிய ஆய்வும் சேர்ந்துதான் 1901இல் வேதியியலின் முதல் நோபல் பரிசை வாண்ட் ஹாஃபுக்குப் பெற்றுத் தந்தது.

அடுத்து ஒரு ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை வகுப்புக்குக் கொண்டுபோங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2002ஆம் ஆண்டுக் கலவை அதன் மேலேயே அச்சாகியிருக்கும்: ஒரு லிட்டருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5, பொட்டாசியம் குளோரைடு 1.5, டிரைசோடியம் சிட்ரேட் 2.9. பிள்ளைகளே வகுத்துப் பார்க்கட்டும். குளுக்கோஸ் 75 மில்லிமோல். உப்பு இரண்டாகப் பிரிந்து 89, பொட்டாசியம் குளோரைடு 40, நான்காகப் பிரியும் சிட்ரேட் 40. மொத்தம் 245க்குப் பக்கம். பொட்டலத்தில் போட்டிருக்கும் அதே எண் தங்கள் நோட்டில் வரும்போது அவர்கள் முகத்தைப் பாருங்கள்.

இன்னொன்றையும் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். உப்பிலும் சிட்ரேட்டிலும் உள்ள சோடியத்தைக் கூட்டினால் அதுவும் 75. குளுக்கோஸுக்குச் சமம். சிறுகுடல் சுவரில் உள்ள ஒரு புரதம் குளுக்கோஸையும் சோடியத்தையும் சேர்த்தே உள்ளே இழுக்கிறது. பின்னாலேயே தண்ணீரும் போகிறது. காலராவிலும் இந்த வழி அடைபடுவதில்லை. 1971இல் வங்கதேசப் போரின்போது பங்காவ் அகதி முகாமில் சலைன் பாட்டில்கள் தீர்ந்துபோக, டாக்டர் திலிப் மஹலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கரைத்த நீரைக் குடிக்கக் கொடுத்தார். 30 சதவீதம் வரை இருந்த இறப்பு 4 சதவீதத்துக்குக் கீழே வந்தது. அன்றைக்கு அங்கே உயிர் காத்தது இந்தப் பாடத்தில் உள்ள வேதியியல்தான்.

உலக சுகாதார நிறுவனத்தின் 2002க்கு முந்தைய கலவை 311 மில்லி ஆஸ்மோல். ரத்தம் 290 அளவில் இருக்கிறது. 245க்குக் குறைத்ததும் தண்ணீர் குடலிலிருந்து உடலுக்குள் போவது எளிதாயிற்று. அப்படியானால், ஒரு லிட்டர் பொட்டலத்தை யாராவது ஒரு டம்ளர் தண்ணீரில், அதாவது 200 மில்லியில், கொட்டிக் கலக்கிவிட்டால்? 245ஐ ஐந்தால் பெருக்கினால் 1225. தண்ணீர் எதிர்த்திசையில், உடலிலிருந்து குடலுக்கு வரும். வயிற்றுப்போக்கு கூடும், ரத்தத்தில் சோடியம் ஏறும். 200 மில்லிக்கான சிறிய பொட்டலமும் கடைகளில் கிடைப்பதால் இந்தக் குழப்பம் எந்த வீட்டிலும் நேரலாம். செறிவு என்றால் என்ன என்பதைப் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்ச் சொல்ல இதைவிட நல்ல காரணம் வேண்டாம்.

நேரமிருந்தால் கடைசியாகக் கஞ்சியைப் பற்றிக் கேளுங்கள். குளுக்கோஸுக்குப் பதிலாக லிட்டருக்கு 50 கிராமோ அதற்கு மேலோ அரிசி மாவைக் காய்ச்சிச் செய்யும் ஓ.ஆர்.எஸ். உண்டு; காலராவில் அது நன்றாகவே வேலை செய்கிறது. அத்தனை கிராம் குளுக்கோஸைப் போட்டிருந்தால் ஆஸ்மோலாரிட்டி எங்கேயோ போயிருக்கும். மாவுச்சத்து என்பது ஆயிரக்கணக்கான குளுக்கோஸ் கோத்த நெடுஞ்சங்கிலி. எடை நிறைய, துகள்களின் எண்ணிக்கை மிகக் குறைவு. குடலில் அது கொஞ்சம் கொஞ்சமாக உடைந்து, உடைய உடைய உள்ளே போய்க்கொண்டிருக்கும்.