நூறு சிசி என்றால் எந்த நூறு?

1980களின் நடுவில் நூறு சிசி மோட்டார் சைக்கிள்கள் ஒன்றன்பின் ஒன்றாக இந்தியச் சாலைக்கு வந்தன. 1984இல் ஓசூரிலிருந்து இண்ட்-சுசுகி ஏஎக்ஸ் 100. அடுத்த ஆண்டே ஹீரோ ஹோண்டா சிடி 100, யமஹா ஆர்எக்ஸ் 100. மூன்றுக்கும் ஒற்றை சிலிண்டர்தான். யமஹாவில் சிலிண்டரின் குறுக்களவு 50 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமும் 50. ஹோண்டாவில் 50, 49.5. அரை மில்லிமீட்டர்தான் வித்தியாசம். ஆனால் ஆர்எக்ஸ் 11 குதிரைத்திறன் தந்தது. சிடி 100 ஏழு, ஏழரையோடு நின்றுவிட்டது. லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டாலோ கணக்கு தலைகீழ்.

ஆர்எக்ஸ் டூ-ஸ்ட்ரோக் வண்டி. கிராங்க் ஒரு சுற்று சுற்றினால் சிலிண்டரில் ஒரு முறை பெட்ரோல் எரியும். ஃபோர்-ஸ்ட்ரோக்கான சிடி 100இல் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் எரியும். அப்படியானால் சக்தி இரு மடங்காக வேண்டுமே என்றால், ஆகாது. டூ-ஸ்ட்ரோக்கில் ஹெட்டில் வால்வு கிடையாது. சிலிண்டர் சுவரிலுள்ள துளைகளைப் பிஸ்டனே திறந்து மூடுகிறது. எரிந்த புகை வெளியேறிக்கொண்டிருக்கும்போதே புதுக் கலவை உள்ளே நுழைவதால், அதில் ஒரு பங்கு எரியாமலேயே சைலன்சர் வழியாகப் போய்விடும். கூடவே ஆயிலும் எரியும். ஆர்எக்ஸ் சத்தத்துக்கு இன்றும் உருகுகிறவர்கள், அந்த வண்டிக்குப் பின்னால் சைக்கிளில் போனவர்களைக் கேட்டதில்லை என்று நினைக்கிறேன். 1996இல் அதன் தயாரிப்பு நின்றது.

சரி, ஃபோர்-ஸ்ட்ரோக்குகளுக்குள்ளாவது நூறும் நூறும் ஒன்றா? சிசி என்பது கன சென்டிமீட்டர். பிஸ்டன் கீழிருந்து மேலே போகும்போது அடைத்துக்கொள்ளும் இடம். சிலிண்டரின் குறுக்களவை மெக்கானிக்குகள் போர் என்பார்கள், பிஸ்டன் பயணத்தை ஸ்ட்ரோக் என்பார்கள். போரின் பரப்பை ஸ்ட்ரோக்கால் பெருக்கினால் சிசி வந்துவிடும். ஒரு படி அரிசி அகன்ற உருளியிலும் கொள்ளும், நெட்டையான தூக்கிலும் கொள்ளும். பஜாஜின் பழைய சிடி 100இல் (இது CT 100, ஹீரோ ஹோண்டாவின் CD 100 அல்ல) போர் 53, ஸ்ட்ரோக் 45, கொள்ளளவு 99.27 சிசி. அதே நிறுவனம் பின்னாளில் பிளாட்டினாவுக்குப் போட்ட 102 சிசி எஞ்சினில் போர் 47, ஸ்ட்ரோக் 58.8. அகலத்தைக் குறைத்து உயரத்தைக் கூட்டிவிட்டார்கள்.

காரணம் மைலேஜ். போர் சிறுத்தால் எரியறை கச்சிதமாகிறது, வெப்பம் சுவரில் வீணாவது குறைகிறது, குறைந்த வேகத்திலேயே இழுவை கிடைக்கிறது. கியரை மாற்றிக்கொண்டே இராமல் ஊருக்குள் ஓட்டலாம். ஆனால் ஸ்ட்ரோக் நீண்டால் ஒவ்வொரு சுற்றிலும் பிஸ்டன் அதிக தூரம் ஓட வேண்டும். திருவொற்றியூரின் பழைய ராயல் என்ஃபீல்டு புல்லட் 350இன் ஸ்ட்ரோக் 90 மில்லிமீட்டர். நிமிடத்துக்கு 5,000 சுற்றிலேயே அதன் பிஸ்டன் சராசரியாக நொடிக்கு 15 மீட்டர் ஓடுகிறது. 49.5 ஸ்ட்ரோக் கொண்ட ஸ்பிளெண்டர் 8,000 சுற்றில் ஓடும்போதுகூட 13 மீட்டரைச் சற்றே தாண்டுகிறது. புல்லட் அலறாமல் நிதானமாக அடித்துக்கொண்டு போவதற்கு இது முக்கியக் காரணம்.

சிசியைக் கூட்டவும் இந்த இரண்டு வழிகள்தாம். ஸ்ட்ரோக்கைக் கூட்டினால் கிராங்க்கையே மாற்ற வேண்டும். பிஸ்டன் மேலே போய் ஹெட்டில் இடிக்காமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். போரைக் கூட்டுவது சுலபம். கம்பெனிகளே அதைத்தான் செய்தன. ஆர்எக்ஸின் 50 போரை 58 ஆக்கியபோது, ஸ்ட்ரோக்கைத் தொடாமலேயே 98 சிசி 132 ஆனது. அதுதான் ஆர்எக்ஸ் 135. பழைய புல்லட் 350க்கும் 500க்கும் ஸ்ட்ரோக் ஒன்றே, போர் மட்டும் 70இலிருந்து 84. 2013இல் வந்த கான்டினென்டல் ஜிடியில் அதை 87 ஆக்கி 535 சிசி எடுத்தார்கள். பழைய ஹோண்டா ஷைன், யூனிகார்ன் இரண்டின் ஸ்ட்ரோக்கும் 57.8ஆக இருந்தது, 125ஐ 150 ஆக்கியது போரில் கூட்டிய ஐந்து மில்லிமீட்டருக்கும் குறைவான அளவு. பரப்பு வர்க்கத்தில் ஏறுவதால், போரில் சிறிது கூட்டினாலே சிசி நிறைய ஏறும்.

பட்டறையிலும் இது நடக்கிறது, யாரும் அதைச் சக்தி கூட்டுவதாக எண்ணுவதில்லை. வண்டி புகை தள்ளுகிறது, ஆயில் குடிக்கிறது என்று பிளாக்கை லேத்துக்கு அனுப்பிப் போர் அடிப்பார்கள். தேய்ந்த சுவரைக் கடைந்து 0.25, 0.50 என்று ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவார்கள். ஒரு மில்லிமீட்டர் வரை போன ஸ்பிளெண்டர் 97.2இலிருந்து 101 சிசிக்கு வந்துவிடும். ஓட்டுபவருக்குத் தெரியக்கூடத் தெரியாது.

அதற்கு மேல் போகத்தான் சிக்கல். எரியறை அப்படியே இருக்க சிலிண்டர் பெருத்தால் கம்ப்ரஷன் ஏறும். 9க்கு 1 என்றிருந்த 97 சிசி எஞ்சினை 110 ஆக்கினால் அது 10க்கு 1ஐத் தாண்டிவிடும். சாதாரண பெட்ரோலில் மேட்டில் ஏறும்போது எஞ்சின் தட்டும். ஸ்லீவ் மெலியும், சூடு கூடும், 97 சிசிக்கென்று செய்த கிளட்ச்சும் கிராங்க் பேரிங்கும் கூடுதல் பாரத்தைத் தாங்க வேண்டும். கார்புரேட்டர் ஜெட்டையும் மாற்றியாக வேண்டும். இவ்வளவுக்குப் பிறகும் பழைய வால்வு பழைய அளவுக்குத்தான் மூச்சு விடும். கீழ் வேகத்தில் இழுவை கூடும், உச்ச வேகம் பெரிதாக நகராது.

மூச்சு எவ்வளவு முக்கியம் என்பதற்கு ராயல் என்ஃபீல்டே சாட்சி. 499 சிசி எஞ்சின் சுமார் 27 குதிரைத்திறன் தந்தது. 2023இல் வந்த ஹிமாலயன் 452 சிசிதான். போர் அதே 84, ஸ்ட்ரோக் 81.5 ஆகக் குறைந்தது. ஆனால் நான்கு வால்வு, இரட்டைக் கேம், நீர்க் குளிர்ச்சி. திறன் 40. சிசி குறைந்தும் சக்தி ஒன்றரை மடங்கு.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. ஆர்சியில் வண்டியின் சிசி பதிவாகியிருக்கிறது. அந்தப் பதிவுக்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டணமும் சிசியைப் பார்த்துத்தான்.

ஆகவே உங்கள் நூறு சிசி வண்டி மேட்டில் திணறினால், பிளாக்கைக் கழற்றுவதற்கு முன் ஏர் ஃபில்டர், வால்வு கிளியரன்ஸ், கிளட்ச் பிளேட், டயர்க் காற்று ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கும் தீரவில்லை என்றால் நல்ல நிலையிலுள்ள 125 வண்டி ஒன்றுக்கு மாறிவிடுங்கள். நூறைப் பெருக்க வைக்கும் செலவைவிட அதுவே லாபம்.