வேலையும் ஃபுட்பாலும் ஒரே கேட்டுக்குள்ள: கம்பெனி கிளப்புகள் ஏன் காணாமப் போச்சு?

காலையில் ஷிப்ட். சாயங்காலம் கிரவுண்டில் பிராக்டிஸ். மாசக் கடைசியில் கம்பெனி சம்பளம். இந்திய கால்பந்தில் பல வருஷங்களுக்கு இதுதான் நடைமுறை. மில், வங்கி, ரயில்வே, போலீஸ்னு ஒவ்வொரு நிறுவனத்துக்கும் சொந்தமா ஒரு அணி இருந்தது. அந்த அணிகளில் பெரும்பாலானவை இன்னைக்குத் தேசிய லீக்கில் இல்லை.

நெய்வேலி, மந்தாரக்குப்பம் பக்கம் இருக்கிறவங்களுக்கு 'கம்பெனி ஊர்' என்றால் என்னன்னு விளக்கத் தேவையில்லை. 1956-ல் என்.எல்.சி. தொடங்கியதில் இருந்து ரோடு, ஸ்கூல், ஆஸ்பத்திரி, கிரவுண்டு எல்லாத்துக்கும் பின்னால் கம்பெனிதான். பெர்மனென்ட் வேலைக்கு அங்கே என்ன மதிப்புன்னும் தெரியும். அந்த வேலையைப் பந்தை உதைச்சே வாங்கலாம் என்பதுதான் கம்பெனி கிளப்பின் அடிப்படை.

கம்பெனி கிளப்னா என்ன?

நிறுவனமே அணியை நடத்தும். வீரர்கள் அந்த நிறுவனத்தின் ஊழியர்கள். போட்டி, பயிற்சிக்கு வேலையில் சலுகை கிடைக்கும். ஆடி முடித்த பிறகும் வேலை தொடரும். விளையாட்டை மட்டும் நம்பி வாழாததால் இதை 'செமி புரொஃபஷனல்', அதாவது பாதித் தொழில்முறை என்கிறார்கள்.

இது இந்தியாவில் மட்டும் இருந்த வழக்கம் இல்லை. நம்ம ஊர் பசங்க ஜெர்சி போட்டுட்டுத் திரியிற ஆர்சனல் கிளப், 1886-ல் லண்டன் வூல்விச்சில் இருந்த ஆயுதத் தொழிற்சாலையின் தொழிலாளர்கள் தொடங்கியது. அதன் சின்னத்தில் பீரங்கி இருப்பதற்குக் காரணம் அதுதான். வெஸ்ட் ஹாம் ஒரு கப்பல் கட்டும் கம்பெனியின் அணியாகப் பிறந்தது. ஜெர்மனியின் லெவர்குசன் பேயர் மருந்து கம்பெனியின் அணி. நெதர்லாந்தின் பி.எஸ்.வி. ஐந்தோவன் பிலிப்ஸ் கம்பெனியின் அணி.

மில் அணி இந்திய சாம்பியன் ஆனது எப்படி?

இந்தியாவில் இதற்குப் பெரிய உதாரணம் ஜே.சி.டி. பஞ்சாபின் பக்வாரா நகரில் இருந்த ஜகத்ஜித் காட்டன் டெக்ஸ்டைல்ஸ் மில்லின் அணி. 1971-ல் தொடங்கப்பட்டது.

ஆரம்ப காலத்தின் நட்சத்திரம் இந்தர் சிங். 1974-75 சந்தோஷ் டிராபியில் பஞ்சாப் அணிக்காக ஒரே தொடரில் 23 கோல் அடித்தவர். ஆட்டத்தை விட்ட பிறகு ஜே.சி.டி.யிலேயே பயிற்சியாளர் ஆனார்.

1990-களின் நடுவில் அணி உச்சத்துக்குப் போனது. கேரளாவின் ஐ.எம். விஜயன், ஜோ பால் அஞ்சேரி, சிக்கிமின் பாய்ச்சுங் பூட்டியா என நாடு முழுவதும் இருந்து வீரர்கள் வந்தார்கள். 1995, 1996-ல் ஃபெடரேஷன் கோப்பை கிடைத்தது. 1996-97-ல் முதல்முறையாக நடந்த தேசிய கால்பந்து லீக்கில் ஜே.சி.டி.தான் சாம்பியன். ஈஸ்ட் பெங்கால் போன்ற பெரிய கிளப்புகள் ஆடிய லீக்கை ஒரு துணி மில் அணி ஜெயித்தது. 14 கோல் அடித்து அந்த சீசனின் டாப் ஸ்கோரர் ஆனவர் பூட்டியா. பின்னாளில் இந்திய கேப்டனான சுனில் சேத்ரியும் 2005 முதல் 2008 வரை இதே அணியில்தான் ஆடினார்.

அப்புறம் ஏன் மூடினாங்க?

2010-11 ஐ-லீக் சீசனில் ஜே.சி.டி. கீழ் டிவிஷனுக்கு இறங்கியது. 2011 ஜூன் 20-ம் தேதி, அணியைக் கலைப்பதாக நிர்வாகம் அறிவித்தது. 40 வருஷ வரலாறு ஓர் அறிக்கையோடு முடிந்தது.

நிறுவனம் சொன்ன காரணத்தின் சாரம் இதுதான்: இந்திய கால்பந்தை டிவியில் பார்க்க ஆள் இல்லை. ஐரோப்பிய ஆட்டங்கள் வீட்டுக்கே வருகின்றன. அப்படி இருக்கும்போது இவ்வளவு பணம் போட்டு நிறுவனத்துக்கு என்ன லாபம்?

அதற்கு ஒரு வருஷம் முன்னால் மும்பையின் மகிந்திரா யுனைடெட்டும் விலகுவதாக அறிவித்திருந்தது. அதுவும் 1962-ல் கம்பெனி அணியாகத் தொடங்கி, 2005-06-ல் தேசிய லீக்கை வென்ற கிளப்.

அரசு நிறுவன அணிகளுக்கு வந்தது வேறு சிக்கல். தனி நிர்வாகம், இளைஞர் அணிகள், முறையான கணக்கு வழக்கு என்று ஆசிய கால்பந்து கூட்டமைப்பு கிளப்புகளுக்கு லைசென்ஸ் விதிகளைக் கொண்டுவந்தது. ஒரு நிறுவனத்தின் ஸ்போர்ட்ஸ் பிரிவாக மட்டும் இயங்கும் அணிக்கு இது கஷ்டம். இந்த விதிகளைப் பூர்த்தி செய்யாததால் 2013-ல் ஏர் இந்தியா, ஓ.என்.ஜி.சி. அணிகள் ஐ-லீக்கில் இருந்து நீக்கப்பட்டன.

கொரியாவிலும் இதே கதையா?

கிட்டத்தட்ட அதேதான். தென் கொரியாவின் உல்சான் நகரம், கப்பல் கட்டும் தொழிலை நம்பி வளர்ந்த கம்பெனி ஊர். அங்கே ஹூண்டாய் மிபோ கப்பல் தளம் 1998-ல் ஓர் அணியைத் தொடங்கியது. 2005-ல், தொழில்முறை அணிகளும் ஆடிய கொரிய எஃப்.ஏ. கோப்பையில் இந்த அணி ஃபைனல் வரை போனது. அங்கே ஜியோன்புக்கிடம் 0-1 எனத் தோற்றது.

2007-ல் செமி புரொஃபஷனல் லீக்கை ஜெயித்து, மேல் லீக்கான கே-லீக்குக்குப் போகும் வாய்ப்பு வந்தபோது நிறுவனம் வேண்டாம் என்றது. அதே ஊரில், அதே ஹூண்டாய் குடும்பத்துக்கு ஏற்கனவே ஒரு கே-லீக் அணி இருந்தது. அதற்கு முந்தைய வருஷம் சாம்பியனான கோயாங் கூக்மின் வங்கி அணியும் மேலே போகவில்லை.

ஆட்டக்காரங்க ஜெயிச்சாலும் மேலே போகலாமா வேண்டாமான்னு முடிவு பண்றது ஆபீஸ்தான். 2016-ல் கப்பல் கட்டும் தொழில் பெரிய நெருக்கடியில் இருந்தது. அந்த சீசனோடு மிபோ அணியும் கலைக்கப்பட்டது.

தமிழ்நாட்டில் என்ன நிலைமை?

சென்னை கால்பந்தின் முகமாகவே நிறுவன அணிகள் இருந்தன. இந்தியன் வங்கி, ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே அணிகளின் ஆட்டம் பார்த்து வளர்ந்த தலைமுறை இன்னும் இருக்கிறது. இந்தியன் வங்கி தேசிய லீக் வரை போய் ஆடியது. பின்னாளில் சென்னையின் எஃப்.சி.யில் பயிற்சியாளர் பொறுப்பு வகித்த சையது சபீர் பாஷா அங்கே ஆடியவர்தான்.

ஆனால் 2018-19-ல் ஐ-லீக்கை ஜெயித்து தமிழ்நாட்டுக்குப் பெருமை சேர்த்தது கோயம்புத்தூரில் ஆடிய சென்னை சிட்டி எஃப்.சி. அது நிறுவன அணி இல்லை, தொழில்முறை கிளப்.

இதில் வீரர்களுக்கு என்ன நஷ்டம்?

ஐ.எம். விஜயனின் வாழ்க்கையைப் பார்த்தாலே புரியும். சின்ன வயசில் திருச்சூர் ஸ்டேடியத்தில் சோடா விற்றவர். ஆட்டத்தைப் பார்த்துத்தான் கேரள போலீஸ் அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. 1990, 1991-ல் அந்த அணி ஃபெடரேஷன் கோப்பையை ஜெயித்தது. பிறகு ஜே.சி.டி. உட்படப் பல கிளப்புகளில் ஆடினார். ஆட்டத்தை விட்ட பிறகு போலீஸ் வேலைக்கே திரும்பினார். 2025-ல் அதிகாரியாக ஓய்வு பெற்றார். அதே வருஷம் பத்மஸ்ரீயும் கிடைத்தது.

இன்றைய தொழில்முறை கிளப்பில் சம்பளம் அதிகம் கிடைக்கலாம். ஆனால் ஒப்பந்தம் ஓரிரு சீசனுக்குத்தான். முட்டியில் அடிபட்டாலோ, வயசு முப்பதைத் தாண்டினாலோ அடுத்து என்ன என்ற கேள்விக்கு கிளப்பிடம் பதில் இருக்காது. கம்பெனி அணியில் அந்தப் பதில் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரிலேயே இருந்தது.

ஸ்போர்ட்ஸ் கோட்டா இன்னும் இருக்கிறது. தமிழ்நாடு அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. ரயில்வே, ராணுவ அணிகளும் தொடர்ந்து ஆள் எடுக்கின்றன. ஆனால் ஒரு மில்லோ வங்கியோ தன் சொந்த அணிக்காக ஊர் ஊராகப் போய் ஆள் தேடிய காலம் சுருங்கிவிட்டது.

வேற வழி இருக்கா?

ஜாம்ஷெட்பூர் ஒரு வழியைக் காட்டுகிறது. அதுவும் டாடா ஸ்டீலின் கம்பெனி ஊர். 1987-ல் டாடா ஃபுட்பால் அகாடமியைத் தொடங்கி, முதலில் இளைஞர்களை வளர்த்தார்கள். 2017-ல் ஜாம்ஷெட்பூர் எஃப்.சி. என்ற தனி தொழில்முறை கிளப்போடு ஐ.எஸ்.எல்.லில் நுழைந்தார்கள். 2021-22-ல் லீக் ஷீல்டை வென்றார்கள். லெவர்குசனும் இப்படித்தான். கம்பெனி கையை விடவில்லை, கிளப் மட்டும் தொழில்முறைக்கு மாறியது. 2023-24-ல் ஒரு ஆட்டத்தில்கூடத் தோற்காமல் ஜெர்மன் லீக் சாம்பியன் ஆனது.

இந்த வழியில் கிளப் பிழைக்கிறது. வீரருக்கு ரிட்டயர்மென்ட் வரைக்குமான வேலை மட்டும் திரும்ப வரவில்லை. அதனால்தான் இன்னைக்கும் நல்லா ஆடுற ஒரு பையன் ஐ.எஸ்.எல். கனவு சொன்னால், வீட்டில் முதலில் கேட்கிறது, "ரயில்வே கோட்டாவுக்கு அப்ளை பண்ணியா?"